சந்தைப் பையா, தோட்டப் பெட்டியா?

கடந்த பங்குனியில் நானு ஓயாப் பக்கத்துக் கூட்டுத் தோட்டம் ஒன்றில் பங்கு எடுத்தோம். ஹட்டனில் எங்கள் வரிசையில் ஏழு வீடுகள். மாதத் தொடக்கத்தில் பணம் கட்டினால் சனிக்கிழமைதோறும் தோட்டத்து மரக்கறிப் பெட்டி வரும். அதுவரை சந்தையேதான். இப்போது நான் பெட்டியின் கட்சி.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பேரம் பேசத் தெரிந்தவர்களுக்குச் சந்தை சற்று மலிவு. விரும்பியதைப் பொறுக்கவும் அங்கேதான் முடியும்.

என்னைத் திருப்பியது வேறொன்று: வாங்கிய மரக்கறி வீட்டில் எத்தனை நாள் நிற்கிறது என்பது. சந்தைக் கரட் பளபளக்கும். கழுவித் தோல் உரசி, சாக்கில் திணித்து லொறியேற்றியது அது. நுவரெலியா மரக்கறியில் ஒரு பகுதி தம்புள்ளை மொத்தச் சந்தை வரை இறங்கி, கைமாறி, மறுபடி மலையேறுகிறது. ஞாயிறு வாங்கினால் வியாழனுக்குள் நுனி கறுத்துத் தொட்டால் வழுக்கும். பெட்டிக் கரட் மண்ணோடு, இலையோடு வரும். முதல் வாரம் இலையை அப்படியே விட்டுவைத்தேன். அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி, கரட் ரப்பராக வளைந்தது. இப்போது வந்தவுடன் இலையைத் திருகி, மண்ணைத் தட்டி, பழைய பத்திரிகையில் சுற்றி வைக்கிறேன். பத்து நாள் கழித்து ஒடித்தாலும் 'டக்' என்கிறது. பீட்ரூட் இலையும் நோக்கோல் இலையும் தேங்காய்ப்பூ போட்டு அன்றிரவே சுண்டலாகிவிடும். முன்பு வாங்கியதில் காற்பங்கு குப்பைக்குப் போகும். இப்போது கோவாவின் வெளி இலை மட்டுமே.

முன்பணம் எதற்கு என்று நானும் முறைத்தவன்தான். கரட்டுக்கு மூன்று மாதம், லீக்ஸுக்கு நான்கைந்து மாதம் காத்திருக்க வேண்டும்; விதையோ பெரும்பாலும் இறக்குமதி. அதைக் கடனுக்கு வாங்கினால் விளைச்சல் கடன்காரர் சொல்லும் விலைக்குப் போகும். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது பட்ட பாட்டைத் தோட்டத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஆடி மழையில் தொடர்ந்து மூன்று கிழமை கோவா. "என்னப்பா, இந்தக் கிழமையும் கோவாதானா?" என்று அம்மா பெட்டியை மூடிவிட்டார். முருங்கைக்காய், கத்தரிக்காய், வெங்காயத்துக்குச் சந்தைக்குத்தான் போகிறேன்.

சேர்ந்து எட்டு மாதம்தான். தை மாத உறைபனியை இந்தப் பெட்டி இன்னும் காணவில்லை. இலை கருகி விளைச்சல் குறைந்தால் பெட்டியும் சிறுக்கும், பணம் திரும்பாது என்பதுதான் பேச்சு. அப்போது என் கட்சி மாறினாலும் மாறலாம்.

இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு முழுப் பங்கு அதிகம். கோவாவுக்குப் பிறகு நாங்கள் பக்கத்து வீட்டு டீச்சரோடு பாதி பாதியாக்கிக்கொண்டோம். வெட்டுவது அவர்; எந்தப் பாதி வேண்டும் என்று முதலில் சொல்வது நான்.