தேய்ந்த வெள்ளிக்காசை விற்கப் போகிறீர்களா? இரண்டு தடவை கழிப்பார்கள், கவனம்

எங்கள் அத்தையிடம் அவருடைய மாமியார் காலத்து ஒரு ரூபாய் வெள்ளிக்காசுகள் இருந்தன. விக்டோரியா ராணி தலை போட்டவை சில, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டவை சில. ஆஸ்பத்திரிச் செலவுக்காக அவற்றைக் கடைத்தெருவில் ஒரு வெள்ளிக்கடையில் விற்றுவிட்டு வந்தார். கிடைத்த தொகையைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. கடைப் பெயர் வேண்டாம். அங்கே போட்ட கணக்கை மட்டும் சொல்கிறேன்.

முதலில் எடை போட்டிருக்கிறார்கள். அப்புறம் "காசு ரொம்பத் தேஞ்சு போச்சும்மா" என்று தேய்மானமாகப் பத்து சதவீதம் கழித்திருக்கிறார்கள். இது என்ன நியாயம்? அச்சடித்தபோது இந்தக் காசு 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. கைமாறிக் கைமாறி இன்று 11.2 கிராம் நிற்கிறது என்றால், போன வெள்ளி தராசிலேயே குறைந்துவிட்டது. தராசு கழித்ததை வாயால் இன்னொரு முறை கழிப்பது பகல் கொள்ளை.

அடுத்தது டச், அதாவது காசில் எத்தனை சதவீதம் சுத்த வெள்ளி என்ற கணக்கு. "வெள்ளைக்காரன் காசுல பாதிதான் வெள்ளி" என்று சொல்லியிருக்கிறார்கள். 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் காசுக்கு அது உண்மை. ஆனால் 1835 முதல் 1939 வரையிலான ஒரு ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி. ஆக, 11.2 கிராம் காசில் சுத்த வெள்ளி சுமார் 10.27 கிராம்; அத்தைக்குக் கொடுத்ததோ, பத்து சதவீதம் கழித்து மிச்சத்தில் பாதி என்று, 5.04 கிராமுக்கான பணம். உருக்குகிற கூலி என்று கொஞ்சம் பிடித்தால் ஒத்துக்கொள்ளலாம். இங்கே பாதிக்கு மேல் போய்விட்டது.

மறுநாள் நான் போய்க் கேட்டேன். "அண்ணே, சீட்டுல வருஷமும் இல்ல, டச்சும் இல்லையே?" என்றதற்கு, "உருக்கியாச்சு தம்பி, இனி என்ன பேச்சு" என்று முடித்துவிட்டார். அந்தக் காசுகளில் ஒன்று 1911. அத்தை வீட்டில் முன்பு எடுத்த போட்டோவில் வருடம் தெளிவாகத் தெரிகிறது. அந்த வருடத்துக் காசில் ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி போல இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 1912-ல் வடிவத்தை மாற்றினார்கள். சேகரிப்பவர்கள் அதை வெள்ளி விலைக்கு மேல் கொடுத்து வாங்குவார்கள். அதுவும் மற்றவற்றோடு எடைக்குப் போய்விட்டது என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

வருடம் பழையது என்பதற்காக மட்டும் காசுக்கு விலை ஏறிவிடாது. 1862 என்று போட்ட காசு இன்றும் நிறையவே கிடைக்கிறது. அதனால் விற்கும் முன் ஒவ்வொரு காசின் வருடத்தையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். புளி, சாம்பல், பாலிஷ் எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள்; தேய்த்துப் பளபளக்கும் காசைச் சேகரிப்பவர் பார்த்த உடனே ஒதுக்கிவிடுவார். டச் பார்க்கும் மெஷின் உள்ள இடத்தில் உங்கள் கண்முன்னே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எடை, டச், அன்றைய வெள்ளி விலை மூன்றும் சீட்டில் எழுதித் தராத கடையில் காசைக் கையை விட்டு இறக்காதீர்கள்.

போனில் "லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்று ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி வருபவர்கள் வேறு ரகம். அந்த வங்கியே 2021-ல் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பணம் கட்டாதீர்கள்.

அத்தையின் சீட்டையும் போட்டோவையும் வைத்துப் புகார் கொடுக்கிறோம். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.