கண்ணா, உறுப்பா, முழு உடலா: எதை எழுதிக் கொடுப்பது?

ஐம்பதைத் தாண்டிய பிறகு நானும் என் மனைவியும் பல ராத்திரி உட்கார்ந்து பேசிய விஷயம் இது. செத்த பிறகு எதைக் கொடுப்பது? கண்ணை மட்டுமா, உள்ளுறுப்புகளையா, உடம்பையே மருத்துவக் கல்லூரிக்கா? ஊரில் மூன்றையும் 'உடல் தானம்' என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் மூன்றுக்கும் இடம் வேறு, நேரம் வேறு, வீட்டாருக்கு வேண்டிய மனத்துணிவும் வேறு. தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிற எங்களுக்கு எது கைகூடும் என்றுதான் முதலில் பார்த்தேன்.

கண்ணிலிருந்து தொடங்குகிறேன். அதை நான் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

பெரியப்பா 81 வயதில், வீட்டிலேயே, விடியற்காலை நாலரை மணிக்குப் போனார். கண்ணைக் கொடுக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். அக்கா அழுதுகொண்டேதான் கண் வங்கிக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கத்தில் சொன்னதை அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன்: மின்விசிறியை நிறுத்தினேன், இமைகளை மூடி ஈரப் பஞ்சை வைத்தேன், தலைக்கு அடியில் இரண்டு தலையணை கொடுத்துத் தூக்கி வைத்தேன். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஏழு மணிக்கெல்லாம் ஒரு பையன் பெட்டியோடு வந்துவிட்டான். கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிஷம். கொஞ்சம் ரத்தமும் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டான். பெரியப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, இரண்டு கண்ணிலும் புரை அறுவை ஆகியிருந்தது. இரண்டுமே தடை இல்லை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி, ரத்தப் புற்றுநோய் மாதிரியான சிலவற்றுக்குத்தான் மறுக்கிறார்கள்.

இதற்குள் வாசலில் பேச்சு கிளம்பிவிட்டது. "கண்ணை எடுத்தா அடுத்த பிறவியில குருடாப் பொறப்பான்" என்று ஒரு பெரியவர் சொன்னார். அத்தை திரும்பி, "சுடுகாட்டுல வேகப்போற கண்ணு மட்டும் கூடவே வந்துடுமாண்ணே?" என்று கேட்டார். அவர் பதில் பேசவில்லை. கதவு திறந்ததும் முதலில் உள்ளே போனதும் அத்தைதான். குனிந்து அண்ணன் முகத்தைப் பார்த்தார், இமையை விரலால் தடவினார். "தூங்குற மாதிரிதான்டா இருக்கு" என்றார். அப்புறம் குளிப்பாட்டல், கோடி, வாய்க்கரிசி, நெய்ப்பந்தம், மறுநாள் பால் தெளி, பதினாறாம் நாள் காரியம் எல்லாம் எப்போதும் போல நடந்தன. சாம்பலைத் திருவையாற்றுப் படித்துறையில் கரைத்தோம். இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்க வழி செய்துவிட்டு, சடங்கில் ஒன்றுகூடக் குறையாமல் போனார் பெரியப்பா.

எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் பெரும்பாலும் வீட்டில்தான் சாகிறார்கள். வீட்டில் இறந்தவரிடமிருந்து எடுக்கக்கூடியது கண். இதயமோ சிறுநீரகமோ முடியாது, ரத்த ஓட்டம் நின்றதுமே அவை கெட ஆரம்பித்துவிடும். நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. உறுப்பு தான அட்டை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டு, எப்படிச் செத்தாலும் எட்டுப் பேரைக் காப்பாற்றுவோம் என்று நினைக்கிறார்கள்.

அந்த எட்டுக் கணக்கு உண்மைதான். இதயம், இரண்டு நுரையீரல், கல்லீரல், இரண்டு சிறுநீரகம், கணையம், சிறுகுடல். ஆனால் அது மூளைச்சாவு அடைந்தவருக்குப் பொருந்தும் கணக்கு. தலையில் அடிபட்டோ, மூளையில் ரத்தக் கசிவாகியோ, தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருக்கும்போது மூளை முழுவதும் செயலிழந்துவிட்டது, இனி திரும்பாது என்று டாக்டர்கள் குழு உறுதி செய்ய வேண்டும். ஒரு தரம் சோதித்தால் போதாது, ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். உறுப்பை எடுத்துப் பொருத்தப்போகும் டாக்டர் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. இதெல்லாம் 1994-ஆம் வருட உறுப்பு மாற்றுச் சட்டத்தில் இருக்கிறது. 'உறுப்புக்காகக் கொன்னுடுவாங்க' என்ற பயத்தைச் சட்டம் எழுதியவர்களும் மனதில் வைத்திருந்திருக்கிறார்கள்.

பிறகு ஓட்டம்தான். எடுத்த இதயம் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் இன்னொரு நெஞ்சில் துடிக்க வேண்டும். சிறுநீரகம் ஒரு நாள் வரை தாங்கும். யாருக்குப் போகிறது என்பதை மாநில உறுப்பு மாற்று ஆணையம் காத்திருப்போர் பட்டியலை வைத்து முடிவு செய்கிறது. கொடுக்கிற குடும்பத்துக்குப் பேர் சொல்ல மாட்டார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் திருச்சி அரசு மருத்துவமனையிலும் உறுப்புகளை எடுத்திருக்கிறார்கள், இதற்காகச் சென்னைக்குப் போக வேண்டும் என்பதில்லை. உடம்பைத் தைத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். கண்ணைப் போல இருபது நிமிஷத்தில் முடியாது, சம்மதம் சொன்ன பிறகு ஒரு நாள்கூட ஆகலாம். அவ்வளவு நேரமும் ஊர் கூடிக் காத்திருக்கும்.

காகிதத்தில் இது இவ்வளவுதான். நேரில் எவ்வளவு கனம் என்பது எனக்குத் தெரியும்.

சித்தப்பா மகன் அய்யம்பேட்டை தாண்டி ஒரு வளைவில் பைக்கோடு விழுந்தான். ஹெல்மெட் இல்லை. மூன்றாம் நாள் மூளைச்சாவு என்றார்கள். சித்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கை சூடாக இருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது. "மூச்சு வருதே, எப்படிப் போயிட்டாம்பாங்க?" என்று என்னைக் கேட்டார். மெஷின்தான் அந்த மூச்சை விடுகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்ல வேண்டியவர்களோ வராந்தாவில் நின்றபடி இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டு, சம்மதமா என்று கேட்டார்கள். ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, நிதானமாகச் சொல்லியிருக்கலாம். சித்தி முடியாது என்றார். அவரை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். எங்களில் யாருக்கும் அந்தப் பையன் என்ன நினைத்திருப்பான் என்று தெரியவில்லை. இருபத்து நாலு வயசுப் பையனிடம் சாவைப் பற்றி யார் பேசியிருப்போம்?

2008-இல் திருக்கழுக்குன்றத்து ஹிதேந்திரனின் பெற்றோர் தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தபோது தமிழ்நாடே அதைப் பேசியது. அவர்கள் இருவருமே டாக்டர்கள். மூளைச்சாவு என்றால் என்ன என்று யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அப்படியும் அது எத்தனை பெரிய காரியம்! சித்திக்கு அந்த விஷயத்தைக் கேள்விப்பட்ட அன்றைக்கே முடிவும் சொல்ல வேண்டியிருந்தது.

உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கை அரசு மரியாதையோடு நடத்துவதாக 2023-இல் தமிழக அரசு அறிவித்தது. கிராமத்துத் தெருவுக்கு அதிகாரி வந்து மாலை வைப்பதை ஊர் பார்க்கிறது. 'பிள்ளையைக் கூறு போட்டுக் கொடுத்துட்டாங்க' என்று பேசும் வாய்கள் அதில் அடங்கும் என்பதால் இந்த ஏற்பாட்டை நான் மனமார வரவேற்கிறேன்.

உயிரோடு இருக்கும்போதே ஒரு சிறுநீரகம் கொடுப்பது வேறு கணக்கு. அது பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் என்ற வட்டத்துக்குள் நடப்பது. மற்றவர்கள் கொடுக்க வேண்டுமானால் அதற்கான குழு அனுமதிக்க வேண்டும், விற்றாலும் வாங்கினாலும் சிறை. புறாவுக்காகத் தொடையை அறுத்துத் தராசில் வைத்த சிபியின் வழி வந்தவர்கள் என்றுதான் சோழர்களுக்குச் செம்பியன் என்று பேர். அந்த மண்ணில் பிறந்தவர்கள் என்றாலும், அப்படி ஒரு நெருக்கடி வீட்டில் வரும்போது எடுக்க வேண்டிய முடிவு அது. இப்போதே எழுதி வைக்கிற விஷயம் இல்லை.

மூன்றாவது, முழு உடல். மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்குப் போகும். முதல் வருட மாணவர்கள் மனித உடம்பைத் தொட்டுப் படிப்பது அங்கேதான். கம்யூனிஸ்ட் தலைவர்களில், மேற்கு வங்கத்தில் ஜோதி பாசு 2010-இலும், டெல்லியில் சீதாராம் யெச்சூரி 2024-இலும் இப்படிப் போனார்கள். டெல்டாவில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தில் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. மயிலாடுதுறை மாவட்டத்தில் இல்லை, அங்கிருப்பவர்கள் திருவாரூருக்கோ சிதம்பரத்துக்கோ போக வேண்டும். இயற்கை மரணம் என்ற டாக்டர் சான்று வேண்டும், சீக்கிரம் கொண்டு சேர்க்க வேண்டும். தொற்றுநோய் இருந்தால் வாங்க மாட்டார்கள். பிரேதப் பரிசோதனை ஆன உடலையும் வாங்க மாட்டார்கள், அதனால் விபத்தில் போனவருக்கு இந்த வழி அடைபட்டுவிடும். உள்ளுறுப்பு எடுத்த உடலும் ஆகாது. கண்ணை மட்டும் கொடுத்துவிட்டு உடலைக் கொடுக்கலாம்.

இதில் வீட்டார் இழப்பதுதான் அதிகம். கொள்ளி கிடையாது, சாம்பல் கிடையாது, கரைக்க ஒன்றும் கிடையாது. நான் இதற்குத் தயார். என் மனைவி தயாரில்லை. "உங்களை ஆத்துல கரைச்சாத்தான் என் மனசு ஆறும்" என்றாள். என் உடம்பு என்னுடையதுதான். ஆனால் நான் போன பிறகு அந்த வீட்டில் இருக்கப்போவது அவள். அதனால் முழு உடலை விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதைக் கொடுப்போம் என்பதைப் பாதி அளவுக்குச் சாவுதான் தீர்மானிக்கிறது. வீட்டுக் கட்டிலில் போனால் கண், மனம் இருந்தால் முழு உடலும். வென்டிலேட்டரில் மூளைச்சாவு என்றால் உறுப்புகளும் கண்ணும். ஒன்றை மட்டும் சொல் என்று எங்கள் ஊர்க்காரர் யாராவது கேட்டால் கண்ணைத்தான் சொல்வேன். வயசு பார்க்காது, வீடு தேடி வருவார்கள், எந்தச் சடங்கும் தடைபடாது. பைக் ஓட்டுகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் உறுப்பு தானத்தையும் கட்டாயம் பேச வேண்டும் என்பேன். ஆதாரை வைத்து இணையத்தில் பதியலாம், ஓட்டுநர் உரிம விண்ணப்பத்திலேயே விருப்பம் சொல்லலாம். ஆனாலும் நடைமுறையில் ஆஸ்பத்திரி கடைசியாகக் கேட்பது குடும்பத்தைத்தான். வீட்டில் ஒருவருக்கும் தெரியாத அட்டையால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

நாங்கள் இருவரும் கண்ணுக்கும் உறுப்புகளுக்கும் பதிந்துவிட்டோம். பதிந்த அன்று ராத்திரி சாப்பாட்டின்போதே பிள்ளைகளிடம் சொன்னேன். மகன் தட்டைப் பார்த்தபடி "சரிப்பா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் அப்படியே செஞ்சுடுங்க" என்றான். என் மனைவி மோர் ஊற்றப்போன கையை அப்படியே நிறுத்திவிட்டாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. மகள் எழுந்து போய், பீரோ கதவின் உள்பக்கத்தில், கேஸ் ஏஜென்சி நம்பருக்குக் கீழே, கண் வங்கி நம்பரை ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி வைத்தாள்.