"ரெண்டும் ஒரே மருந்துதான் மேடம்" என்றார்கள்: இதய வால்வு வைத்தவர்கள் வீட்டில் கட்டாயம் படியுங்கள்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். பில் 46,800 ரூபாய். ஒரு ஆன்லைன் மருந்து ஆப் மாத்திரையை மாற்றி அனுப்பியதால் வந்த செலவு இது. கை தவறி மாறிப்போகவில்லை. தெரிந்தே மாற்றினார்கள், போன் போட்டு "இதுவும் அதேதான்" என்று நம்பவைத்து அனுப்பினார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் ஆப்பின் பெயரைப் போடவில்லை. வீட்டுக்கே மருந்து, இத்தனை சதவீதம் தள்ளுபடி என்று விளம்பரம் வருகிறதே, அந்த வகை.

அம்மாவுக்கு 61 வயது. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தில் இருக்கும் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. 2014-ல் உலோக வால்வு வைத்தார்கள். உலோக வால்வு வைத்துவிட்டால் ஆயுசுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போட வேண்டும். அம்மா சாப்பிடுவது வார்ஃபரின். 2 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு. போட்டதும் தினசரி காலண்டர் தாளில் பேனாவால் ஒரு டிக் அடிப்பார். வீட்டில் கல்யாணம் நடந்தாலும் அந்த டிக் விட்டுப்போனதில்லை. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவுதான் ஐ.என்.ஆர். அதை எழுதி வைக்கும் நோட்டைப் புரட்டினால் 2.8, 3.1, 2.9 என்றே பக்கம் பக்கமாக இருக்கும். மைட்ரலில் உலோக வால்வு இருப்பவர்களுக்கு அது பொதுவாக 2.5-லிருந்து 3.5-க்குள் நிற்க வேண்டும். கீழே இறங்கினால் வால்வில் ரத்தம் கட்டும். மேலே ஏறினால் கண்ட இடத்திலும் ரத்தம் கசியும். அந்த நடுவில் நிற்பதற்காக முருங்கைக்கீரையைக்கூட வாராவாரம் ஒரே அளவுதான் சாப்பிடுவார். கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும், கூட்டிக் குறைத்தால் கணக்கு கெட்டுவிடும். இவ்வளவு ஒழுங்காக இருந்த மனுஷியைத்தான் ஐசியூவில் படுக்க வைத்துவிட்டார்கள்.

வழக்கமாக வாங்கும் மெடிக்கலில் 2 மில்லிகிராம் ஸ்டாக் இல்லை, வர நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். அதனால் ஆப்பில் சீட்டை ஏற்றி ஆர்டர் போட்டேன். சீட்டில் வார்ஃபரின் என்று டாக்டர் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார், படிக்க முடியாத கையெழுத்தெல்லாம் இல்லை. அரை மணி நேரத்தில் ஒரு பெண் கூப்பிட்டார். மருந்தாளுநர் என்று சொன்னார். நல்ல தமிழ், பதறாத குரல்.

"மேடம், நீங்க கேட்ட பிராண்டு இப்ப இல்ல. அதுக்கு ஈக்குவலா இன்னொண்ணு இருக்கு, அனுப்பிடட்டுமா?"

"கம்பெனி மட்டும்தான் வேறயா? எங்கம்மாவுக்கு வால்வு வெச்சிருக்கு. இது மாறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"தெரியும் மேடம், சீட்டு பார்த்துட்டுதான் கூப்பிடறேன். ரெண்டும் ஒரே மருந்துதான். ரெண்டுமே ரத்தம் உறையாம இருக்கத்தான். அதே 2 எம்ஜி. அம்மா எப்பவும் போல ரெண்டு போட்டுக்கட்டும்."

வால்வு என்று நான் சொன்னேன். மாறக் கூடாது என்றும் சொன்னேன். அதற்குப் பிறகும் "எங்க டாக்டரும் பார்த்து ஓகே பண்ணிட்டாங்க மேடம், கவலைப்படாதீங்க" என்றார். மருந்து படித்தவர், கையில் சீட்டை வைத்துக்கொண்டு, டாக்டர் பெயரையும் சேர்த்துச் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்? நம்பும்படி பேசத்தான் அவர்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

வந்த அட்டையில் இருந்தது அசெனோகூமரால், 2 மில்லிகிராம். இப்போது அந்த மருந்தைப் பற்றி டாக்டர்கள் சொல்லித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், இதுதான் இந்தப் பதிவின் முக்கியமான விஷயம். வார்ஃபரினும் அசெனோகூமராலும் ஒரே குடும்பம். கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துத்தான் ரத்தம் உறைவதற்கான காரணிகளில் நான்கைத் தயாரிக்கிறது: 2, 7, 9, 10. வைட்டமின் கே-யைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த விடாமல் தடுப்பதுதான் இரண்டு மருந்துக்கும் வேலை. ஒற்றுமை அத்தோடு முடிந்தது.

அளவு வேறு. மில்லிகிராமுக்கு மில்லிகிராம் பார்த்தால் அசெனோகூமராலின் வீரியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அம்மாவின் 4 மில்லிகிராம் வார்ஃபரினுக்குச் சமம் சுமார் 2 மில்லிகிராம் அசெனோகூமரால்தான், அதுவும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். "எப்பவும் போல ரெண்டு" என்று சொன்ன ஒரு வார்த்தையில் அம்மாவுக்குக் கிட்டத்தட்ட இரட்டை டோஸ் போனது. மாத்திரை மேல் போட்டிருந்த "2" என்ற எண் ஒன்றாக இருந்ததைப் பார்த்துவிட்டு மருந்தே ஒன்று என்று சொல்லியிருக்கிறார்கள்.

உடம்பில் தங்கும் நேரமும் வேறு. வார்ஃபரின் பாதியாகக் குறைவதற்குச் சராசரியாக 40 மணி நேரம் ஆகும், அசெனோகூமராலுக்கு 8-லிருந்து 11 மணி நேரம்தான். அதனால் ஒரு வேளை மறந்தால் அசெனோகூமராலில் ஐ.என்.ஆர். சீக்கிரம் இறங்கிவிடும், வார்ஃபரினில் மெதுவாக இறங்கும். ஆனால் முழு வேலை தெரிய இரண்டிலுமே சில நாள் ஆகும். ரத்தத்தில் ஏற்கனவே இருக்கும் காரணிகள் தீர வேண்டுமே, இரண்டாம் காரணி பாதியாகவே இரண்டரை நாளுக்கு மேல் பிடிக்கும். அதனால்தான் மாத்திரை மாறிய முதல் இரண்டு நாள் அம்மாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அசெனோகூமரால் கெட்ட மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் வால்வு வைத்த எத்தனையோ பேர் அதைத்தான் சாப்பிட்டு நன்றாக இருக்கிறார்கள். டாக்டரே தேவைப்பட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவார். அப்போது டோஸைக் கணக்குப் போட்டுக் குறைத்து, சில நாளிலேயே ஐ.என்.ஆர். பார்க்கச் சொல்வார். எனக்கு வந்த போனில் ஐ.என்.ஆர். என்ற சொல்லே வரவில்லை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் பல் தேய்த்துத் துப்பிய நுரை ரோஸ் நிறத்தில் இருந்தது. "ஈறுல பிரஷ் பட்டிருக்கும் பாப்பா" என்று அம்மா விட்டுவிட்டார். சாயங்காலம் புடவை மாற்றும்போது பார்த்தேன், இடுப்பில் கொசுவம் சொருகும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம். எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை என்றார். ராத்திரி மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்தது, துணி துணியாக நனைந்தது, நிற்கவில்லை. தலையும் வலிக்கிறது என்றார். அப்போது எனக்கு உயிரே போய்விட்டது.

ஐ.என்.ஆர். 8.9. தலைக்குள் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று உடனே சி.டி. ஸ்கேன். நல்லவேளை, இல்லை. மூக்கை அடைத்தார்கள், பிளாஸ்மா ஏற்றினார்கள், வைட்டமின் கே-யைக் கொஞ்சமாகத்தான் கொடுத்தார்கள். ஏன் நிறையக் கொடுக்கவில்லை என்று நான் டியூட்டி டாக்டரிடம் சண்டைக்கே போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, நிறைய குடுத்தா ரத்தம் நின்னுடும், ஆனா வால்வு அடைச்சுக்கும். அப்புறம் பழைய மாத்திரை பல நாளைக்கு வேலையே செய்யாது." ஐ.என்.ஆர். இறங்கி, மறுபடி 2.5-க்குக் கீழே போய், அது ஏறும்வரை ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஹெபரின் ஊசி. அந்த ஊசி ஒவ்வொன்றுக்கும் பில். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் பில். எல்லாம் சேர்த்து 46,800. என் நகைச் சீட்டுப் பணம் அப்படியே போனது.

அந்த டாக்டர் சொன்ன இன்னொன்று என்னைத் தூங்கவிடவில்லை. அசெனோகூமரால் சாப்பிடுகிறவருக்கு இதே மாதிரி "அதே 2 எம்ஜி" என்று வார்ஃபரினை அனுப்பியிருந்தால்? டோஸ் பாதியாகியிருக்கும். ரத்தம் வராது, கருநீலம் இருக்காது, எச்சரிக்கை எதுவும் இல்லாமல் வால்வில் கட்டி, மூளைக்குப் போய், ஒரு காலையில் வாய் கோணிப் பேச்சு போயிருக்கும். மாத்திரை மாறியதுதான் காரணம் என்று யாருக்குமே தெரியவந்திருக்காது. இந்த ஆப் இன்னும் எத்தனை வீட்டுக்கு இப்படி அனுப்பியிருக்கிறதோ.

இனி ஆப்காரர்கள் செய்ததைக் கேளுங்கள். ஆஸ்பத்திரி வராண்டாவிலிருந்தே கூப்பிட்டேன். முதலில் சாட்டில் "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்." அந்த வரியைத் தவிர வேறு எதுவும் அங்கே வராது. போனில் பிடித்தால், பாட்டைப் போட்டுக் காக்க வைத்துவிட்டு, "மேடம், நாங்க வெறும் தளம்தான். மருந்து அனுப்பினது பார்ட்னர் பார்மசி" என்றார்கள். பில்லில் இருந்த அந்தக் கடைக்குப் போன் போட்டால், "ஆப்ல என்ன வந்துச்சோ அதைத்தான் பில் போட்டோம், அவங்கள கேளுங்க." மறுபடி ஆப். சூப்பர்வைசர் திரும்பக் கூப்பிடுவார் என்றார்கள். கூப்பிடவில்லை. புகாரைத் திறந்து பார்த்தால் "தீர்க்கப்பட்டது" என்று மூடியிருக்கிறது! அம்மா மூக்கில் பஞ்சோடு படுத்திருக்கிறார், இவர்களுக்கு அது தீர்ந்துவிட்டது.

விடாமல் பிடித்த பிறகு ஒருவர் சொன்னார்: "எங்க சைடு தப்பு இல்ல மேடம். டாக்டர் சீட்டு இருக்கே, ஆர்டர்லயே பாருங்க." பார்த்தேன். வயிறு எரிந்தது. நான் ஏற்றிய சீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பிடிஎஃப். யாரோ ஒரு டாக்டர் பெயர், பதிவு எண், அதில் அம்மாவின் பெயருக்கு அசெனோகூமரால் 2 மில்லிகிராம், ராத்திரி இரண்டு. அந்த டாக்டர் அம்மாவிடம் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. 2020-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல், நோயாளி யார், வயது என்ன என்று உறுதிசெய்துகொண்டு, போதிய விவரம் கேட்டறிந்த பிறகே மருந்து எழுதச் சொல்கிறது. இங்கே கடையில் இருந்த ஸ்டாக்குக்கு ஏற்றபடி சீட்டைத் தயார் செய்திருக்கிறார்கள். 1945-ம் வருட மருந்து விதிகளில் 65(11ஏ) என்று ஒரு விதி இருக்கிறது. எச் அட்டவணை மருந்துகளுக்கு, அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய மருந்துகளுக்கு, சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் கொடுக்கக் கூடாது, அதே மூலப்பொருள் உள்ளதாக இருந்தாலும் கூடாது என்பது அதில் இருக்கிறது. அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்தப் புதுச் சீட்டு என்று நான் நினைக்கிறேன்.

கடைசியில் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? மாத்திரையின் விலை 118 ரூபாயும், அடுத்த ஆர்டருக்கு நூறு ரூபாய் கூப்பனும். 46,800 ரூபாய்க்கு 118 ரூபாய். அவர்களிடம் மறுபடி மருந்து வாங்கச் சொல்லி ஒரு கூப்பன்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை யார் மாற்றினாலும், வால்வு பார்க்கும் உங்கள் டாக்டர் வாயால் சரி என்று வராமல் போடாதீர்கள். அட்டையில் பிராண்டை விடுங்கள், பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைச் சீட்டோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். எம்ஜி ஒன்றாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மாத்திரை மாறியிருந்தால் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள், அவர் சொல்லும் நாளில் ஐ.என்.ஆர். பாருங்கள். பயத்தில் நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம், வால்வு அடைத்துக்கொள்ளும். ஈறிலோ மூத்திரத்திலோ ரத்தம், காரணமில்லாத கருநீலம், கறுப்பாக மலம், புதிதாகத் தலைவலி என்றால் வீட்டில் உட்காராதீர்கள். அப்புறம், மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் என்று கடையில் கேட்டு வாங்கிப் போடுவது வார்ஃபரின், அசெனோகூமரால் எதைச் சாப்பிடுகிறவருக்கும் ஆபத்து.

"ஈக்குவல்", "சப்ஸ்டிடியூட்" என்று போனில் சொன்னால் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், அழைப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். என்னிடம் அந்தப் பேச்சின் பதிவு இல்லாததால்தான் "அப்படி யாரும் சொல்லலையே மேடம்" என்று துணிந்து சொல்கிறார்கள்.

புகாருக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளர் உங்கள் மாவட்டத்திலேயே இருப்பார், தலைமை அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில். மருந்தால் வந்த பாதிப்பைப் பதிவு செய்ய 1800-180-3024. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. நான் மருந்து ஆய்வாளரிடம் மனு கொடுத்துவிட்டேன், ஆணையத்துக்கான மனு தயாராகிறது. 46,800 ரூபாயை இவர்களிடமிருந்து வாங்காமல் விடப்போவதில்லை.

உங்களில் யாருக்காவது இதே மாதிரி மாற்றி அனுப்பியிருந்தால் அட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், பேட்ச் எண் அதில் இருக்கிறது. பில், அட்டை, அவர்கள் ஏற்றிவைத்த அந்தப் புதுச் சீட்டு மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.