தாடைக்கு இம்ப்ளான்ட் வைக்கப் போறீங்களா? டப்பா மேல இருக்கிற ஸ்டிக்கரை முதல்ல கேளுங்க

கிளினிக் பேரு இதுல இருக்காது. கேஸ் போட்டிருக்கேன், பேரு எழுத வேண்டாம்னு வக்கீல் சொல்லிட்டார். பேரு தெரிஞ்சும் பெருசா பிரயோஜனமில்ல. மொபைல் கடைக்கு மேல ரெண்டாவது மாடி, கண்ணாடிக் கதவு, உள்ள ஏசி, பெரிய திரையில ‘முன்னால - பின்னால’ போட்டோ. பெங்களூரில இந்த மாதிரி இடத்துக்கா பஞ்சம்?

நான் பீன்யாவில ஒரு மெஷின் ஷாப்பில குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இரும்பு ராடு லோடு வந்தா ஹீட் நம்பரும் (எந்த உருக்குத் தொகுதியில வந்த இரும்புன்னு காட்டற எண்) டெஸ்ட் சர்டிபிகேட்டும் இல்லாம கேட்டைத் தாண்ட விடமாட்டேன். டிரைவர் கெஞ்சி, முதலாளி போன் போட்டு, அப்பவும் லாரியைத் திருப்பி அனுப்பியிருக்கேன். அப்பேர்ப்பட்டவன், தன் மோவாய்க்குள்ள என்னத்தை வெச்சாங்கங்கிறதுக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட வாங்காம வந்துட்டேன்.

சின்ன வயசுலேருந்தே எனக்கு மோவாக்கட்டை உள்வாங்கினது. பக்கவாட்டில பாத்தா உதட்டுக்குக் கீழ நேரா கழுத்துதான். கிருஷ்ணகிரியில ஸ்கூல்ல வெச்ச பட்டப்பேரை இங்க எழுதமாட்டேன். தாடி முளைச்சதும் நிம்மதி. ஒன்பது வருஷம் தாடியோடயே ஓட்டிட்டேன். அப்புறம் அம்மா ஜாதகத்தோட வைக்க போட்டோ கேட்டாங்க. “அந்தக் காட்டை வழிச்சுட்டு எடுடா”ன்னாங்க. வழிச்சேன். ஸ்ரீராமபுரத்து ஸ்டுடியோவில எடுத்த அந்தப் போட்டோவை நான் ஊருக்கு அனுப்பவே இல்ல. அன்னைக்கு ராத்திரி போன்ல ‘தாடை சர்ஜரி’ன்னு தேடினேன். மறுநாள்லேருந்து எதைத் திறந்தாலும் அந்தக் கிளினிக் விளம்பரம்தான்.

சனிக்கிழமை போனேன். டாக்டர் இல்ல, ‘கவுன்சிலர்’னு ஒரு அம்மா, வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாங்க. பக்கவாட்டில ஒரு படம் எடுத்து, டேப்லெட்டில விரலால என் மோவாயை முன்னால இழுத்துக் காட்டினாங்க. “பாருங்க சார், எப்படி இருக்கு?” உண்மையச் சொல்றேன், நல்லாத்தான் இருந்துச்சு. அஞ்சு நிமிஷம் அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அதோட என் புத்தி கழண்டுச்சு.

அன்னைக்கு அவங்க செய்யாத ஒண்ணுதான் இந்தக் கதைக்கெல்லாம் மூலம். என்னை வாயைத் திறக்கச் சொல்லவே இல்ல. எனக்கு மேல்பல் வரிசை கீழ்ப்பல்லைத் தாண்டி நல்லா முன்னால நிக்கும். அப்படின்னா குறை மோவாய் நுனியில மட்டும் இல்ல, கீழ்த்தாடையே பின்தங்கியிருக்கலாம். பல் கடி எப்படிச் சேருதுன்னு பாத்து, தலையைப் பக்கவாட்டில வெச்சு செஃபலோகிராம்னு ஒரு எக்ஸ்ரே எடுத்து அளந்தா அது தெரிஞ்சுடும். அதுக்கப்புறம்தான் மோவாய் எலும்பு மேல செயற்கைத் துண்டு வைக்கற இம்ப்ளான்ட் போதுமா, இல்ல சொந்த மோவாய் எலும்பையே குறுக்க அறுத்து முன்னால நகர்த்தி டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் போடற ஜீனியோபிளாஸ்டியா, அதுவும் பத்தாம பல்லுக்குக் கம்பி கட்டி தாடையையே நகர்த்தணுமான்னு முடிவு பண்ணணும். இதையெல்லாம் பிற்பாடு ஒரு பல் மருத்துவக் கல்லூரியில, புறநோயாளி வரிசையில நின்னு தெரிஞ்சுகிட்டேன். கிளினிக்கில ஒரே மருந்துதான்: இம்ப்ளான்ட்.

ரெண்டு ரேட் சொன்னாங்க. சிலிக்கோன் 75,000. ‘இம்போர்ட்டட் போரஸ்’ 1,10,000. கெட்டி சிலிக்கோன்னா உடம்பு அதைச் சுத்தி ஒரு உறை கட்டிக்கும், ஆனா ஒட்டாது. எடுக்கறது சுலபம், சரியா நிறுத்தலைன்னா நகரவும் செய்யும். போரஸ் பாலிஎதிலீன்ல பொடிப்பொடியா துளை இருக்கும். அதுக்குள்ள சதை வளர்ந்து பிடிச்சுக்கும், அசையாது, ஆனா வேண்டாம்னா பிய்ச்சுதான் எடுக்கணும். ரெண்டுமே உலகம் பூரா பயன்படுத்தறதுதான். மெஷின் ஷாப் புத்தி எனக்கு, லூஸ் ஆகிற எதுவும் பிடிக்காது. போரஸே வைங்கன்னேன்.

அடுத்தது காசு. அழகுக்காகப் பண்ற சர்ஜரிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, விபத்துக் காயம் இதைச் சரிபண்றதுக்குத்தான் விலக்கு. “பில் போட்டா 19,800 கூட ஆகும் சார், வேண்டாம்னா 1,10,000 ஃப்ளாட்”னு அந்த அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க. இன்ஷூரன்சும் இதுக்குத் தராது, பில்லை வெச்சு என்ன பண்ணப் போறோம்னு தலையாட்டிட்டேன். 10,000 அட்வான்ஸை ஜிபேயில போட்டேன். போன நம்பர் கிளினிக் பேரில இல்ல, யாரோ ஒரு தனி ஆள் பேரில இருந்துச்சு. அப்பவாவது உறைச்சிருக்கணும். மிச்சம் கைக்காசு.

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம். சுவரில பேரு போட்டிருந்த பெரிய டாக்டர் வரல. மாஸ்க் போட்ட ஒருத்தர் வந்து “டோன்ட் வொரி பாஸ்”னார். ஊசி போட்டதும் அரைத் தூக்கம். கையெழுத்து வாங்கின பாரத்தில இம்ப்ளான்ட் வகை, அளவு, கம்பெனின்னு மூணு கோடு காலியா இருந்துச்சு. “தியேட்டர்ல ஃபில் பண்ணிடுவாங்க”ன்னாங்க. காலி இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டில கையெழுத்துப் போட்டான்னு போன வருஷம்தான் ஒரு டிரெயினியைக் கத்தியிருந்தேன்.

மோவாய்க்கு அடியில சின்னதா கிழிச்சும் வைக்கலாம், கீழுதட்டுக்கு உள்பக்கம் கிழிச்சும் வைக்கலாம். எனக்கு வாய்க்குள்ள. வெளியே தழும்பு வராதுன்னு பெருமையாச் சொன்னாங்க. வாய்க்குள்ளன்னா எச்சிலும் கிருமியும் படும், சரியாப் பொருத்தலைன்னா துண்டு மேல ஏறி உக்காரும்னு சொல்லல.

முதல் ரெண்டு வாரம் டேப், வீக்கம், கஞ்சி. வீக்கம் வடிய வடிய இடது பக்கம் ஒரு முண்டு தெரிஞ்சுச்சு. சிரிச்சா அதோட விளிம்பு கோடா எழும்பும். அதைவிடப் பெரிய தொல்லை கீழுதடு. மல்லேஸ்வரத்தில ஒரு தர்ஷினியில நின்னு காபி குடிச்சிட்டிருந்தேன். எதிர்ல நின்ன பெரியவர் தன் மோவாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். என் மோவாயைத்தான் கிண்டல் பண்றார்னு நெனச்சேன், பழைய வடு அப்படி. குனிஞ்சு பாத்தா காபி வழிஞ்சு சட்டைப் பித்தான் வரைக்கும் நனைஞ்சிருக்கு. சூடான காபி, எனக்கு ஒண்ணுமே தெரியல. உதட்டுக்கு உணர்ச்சி தர நரம்பு சின்னக் கடைவாய்ப் பல்லுக்குக் கீழ எலும்புல ஒரு துவாரம் வழியா வெளிய வருதாம். கத்தியோ இம்ப்ளான்ட் ஓரமோ அதை அழுத்தினா, இழுத்தா இப்படி ஆகும்.

போன் போட்டா “வீக்கம் சார், அடங்கிடும், மசாஜ் பண்ணுங்க.” அடுத்த வாரமும் அதே பதில். அதுக்கடுத்த வாரம் நீல டிக் மட்டும். நேர்ல போனா ரிசப்ஷன் பையன் “டாக்டரு இல்லா சார், கொத்தில்லா”ன்னான், கன்னடத்தில ‘தெரியாது’ன்னு. ஆறாவது வாரம் காலையில பல் தேய்க்கும்போது வாயில உப்புக் கரிச்சுச்சு. துப்பினேன், சீழ்.

பல் மருத்துவக் கல்லூரியில வாய்-முக அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். அங்க இருந்த டாக்டரம்மா என் வாயைத் திறந்து பாத்ததும் கேட்ட முதல் கேள்வி: “ஸ்டிக்கர் எங்க?” நான் முழிச்சேன்.

விஷயம் இதுதான். முறையா வர எந்த இம்ப்ளான்ட் டப்பாவிலயும் லேபிள் இருக்கும். தயாரிச்ச கம்பெனி, மாடல் நம்பர், லாட் நம்பர், எந்த முறையில ஸ்டெரிலைஸ் பண்ணது, காலாவதி தேதி எல்லாம் அதுல உண்டு. இறக்குமதின்னா 2017 மருத்துவக் கருவி விதிகள்படி இறக்குமதி லைசென்ஸ் நம்பரும், கொண்டு வந்தவங்க விலாசமும். கூடவே உரிச்சு ஒட்டற ஸ்டிக்கர்களும் பொதுவா வரும். ஒண்ணு ஆஸ்பத்திரி ஃபைலுக்கு, ஒண்ணு நமக்கு. மூட்டு மாத்தினவங்க, ஸ்டென்ட் வெச்சவங்க டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்க, ஒட்டியிருக்கும். நம்ம ஹீட் நம்பர் மாதிரியேதான். நாளைக்கு அந்த லாட்டில கோளாறுன்னா யார் உடம்புல இருக்குன்னு தேடிப் பிடிக்க அதுதான் வழி.

ஸ்கேன்ல இன்னொண்ணும் தெரிஞ்சுச்சு. மோவாயோட அடி விளிம்பில, கெட்டி எலும்பு மேல உக்காரவேண்டிய துண்டு மேல ஏறி, பல் வேருக்கு முன்னால இருக்கிற மெல்லிசான எலும்பை அழுத்திக்கிட்டிருந்துச்சு. எலும்பு லேசா கரைய ஆரம்பிச்சிருந்துச்சு. எடுத்தே ஆகணும்னாங்க.

எடுக்கற அன்னைக்கு அந்த இடத்துக்கு மட்டும் மரத்துப்போற ஊசிதான், முழிச்சுட்டுதான் இருந்தேன். போரஸ்னா சதையோட போராடி எடுக்கணும்னு முன்னாடியே எச்சரிச்சிருந்தாங்க. இது புளியம்பழத்து ஓட்டிலேருந்து பழம் வர மாதிரி உறையிலேருந்து வழுக்கிக்கிட்டு வந்துச்சு. டாக்டர் விரலால வளைச்சுப் பாத்தாங்க. ரப்பர் மாதிரி வளைஞ்சுது. “சிலிக்கோன்ப்பா இது.”

கழுவி ஒரு டப்பாவில போட்டுத் தரச் சொன்னேன். மறுநாள் தடிமன் அளக்கற வெர்னியர் கருவி வெச்சு அளந்தேன். நடுவிலேருந்து பத்து மில்லிமீட்டர் தள்ளி இடது பக்கம் தடிமன் 6.2 மில்லிமீட்டர், வலது பக்கம் 4.9. ஓரமெல்லாம் பிளேடால சீவின படி படியா. அளவோ குறியோ எங்கேயும் இல்ல. டாக்டர்கிட்ட காட்டினேன். சிலிக்கோனைச் செதுக்கறதே தப்புன்னு சொல்லமுடியாது, ஆளுக்கு ஏத்த மாதிரி சீவறது உண்டு, ஆனா நீ காசு குடுத்தது இதுக்கு இல்லையேன்னாங்க. எங்க ஷாப்பா இருந்தா அந்தத் துண்டு நேரா கழிவுக்கான சிவப்புத் தொட்டிக்குப் போயிருக்கும்.

அப்புறம்தான் காகிதத்துக்கு அலைஞ்சேன். மருத்துவ கவுன்சில் 2002 நெறிமுறைகள்படி, நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ரெக்கார்டு தரணும். எழுதி ஸ்பீட் போஸ்டில அனுப்பினேன். வாயால கேட்டதுக்கெல்லாம் ‘கொத்தில்லா’ன்னவங்க, இதுக்கு ஒரு பக்கத் தாள் அனுப்பினாங்க. அதுல ‘மோவாய் இம்ப்ளான்ட், மீடியம்’. சட்டை வாங்கினா மாதிரி. கீழ கையெழுத்துப் போட்டவர் பேரை டாக்டர்கள் பதிவேட்டில தேடினேன், இணையத்திலேயே தேடலாம். வெறும் எம்பிபிஎஸ். தாடையில கை வைக்கறவர்கிட்ட எம்சிஎச் பிளாஸ்டிக் சர்ஜரியோ, எம்டிஎஸ் வாய்-முக அறுவை சிகிச்சையோ இருக்கான்னு பாக்க எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். கர்நாடகத்தில தனியார் கிளினிக்னா கேபிஎம்இ (தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம்) பதிவுச் சான்றிதழை எல்லாருக்கும் தெரியற மாதிரி மாட்டணும். அங்க மாட்டியிருந்தது விநாயகர் படமும் ரெண்டு விருதுக் கேடயமும்தான். நானும் விநாயகரைக் கும்பிட்டுட்டுத்தான் உள்ள போனேன்.

பில் இல்லாததுக்கு வக்கீல் என்னைத் திட்டினார். ஆனா கதை அதோட முடியலையாம். ஜிபே ரசீது, ‘இம்போர்ட்டட் போரஸ் 1,10,000’னு அவங்களே அனுப்பின வாட்ஸ்அப், ஸ்கேன், எடுத்த டாக்டர் எழுதிக் குடுத்த குறிப்பு எல்லாத்தையும் சேத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில போட்டிருக்கோம். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். உங்களுக்கும் இப்படி ஏதாவது ஆகியிருந்தா வாட்ஸ்அப்பை அழிச்சுடாதீங்க, எடுத்த துண்டையும் ஆஸ்பத்திரியில விட்டுட்டு வராதீங்க.

என் துண்டு பீரோவில, ஜாதக நோட்டுக்குப் பக்கத்துல இருக்கு. அம்மா ஊர்லேருந்து வந்தப்போ டப்பாவைத் தூக்கி ஆட்டிப் பாத்துட்டு, “இதுக்காடா லட்ச ரூபா?”ன்னாங்க. மறுபடி தாடி விட்டாச்சு. வலது பக்க உதடு சரியாயிடுச்சு. இடது பக்கம் ரெண்டு வாரமா எறும்பு ஊர்ற மாதிரி குறுகுறுன்னு இருக்கு. நரம்பு திரும்ப வருதுன்னு அர்த்தமாம். காபியை இன்னும் ஸ்பூன்லதான் குடிக்கிறேன்.