முன்பல்லை ராவாமல் கட்டித் தந்த கிளினிக்

திருச்சியில் முன்பல் உடைந்துவிட்டது, எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால் இந்த கிளினிக்கைத்தான் சொல்வேன். பல் கட்டிய அழகு ஒரு காரணம், ஆனால் அதைவிடப் பெரிய காரணம் கட்டுவதற்கு முன்னால் இவர்கள் எடுத்துக்கொண்ட நேரம். முதல் நாள் ட்ரில்லைக் கையிலேயே எடுக்கவில்லை.

காலேஜில் படிக்கும் என் மகள் ஸ்கூட்டியில் இருந்து விழுந்ததில் மேல்வரிசை நடுப்பற்கள் இரண்டும் அடி வாங்கின. ஒன்றில் மூலையோடு மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, பக்கத்துப் பல்லில் விளிம்பு மட்டும் லேசாகச் சிதைந்திருந்தது. முதலில் போன இடத்தில், பெயர் வேண்டாம், ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டு இரண்டுக்கும் ரூட் கேனால் (பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது) செய்யலாம், வரிசை ஒரே மாதிரி தெரிய நாலு பல்லுக்கும் கேப் போட்டுவிடலாம், இன்றைக்கே ஆரம்பிக்கலாம் என்றார்கள். அடிபடாத இரண்டு பற்களையும் சேர்த்து! கேப் போட பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும். ஈறுக்கு வெளியே இருக்கும் பல்லில், எடைக் கணக்கில், 63 முதல் 72 சதவீதம் வரை இதிலேயே போய்விடுகிறது என்று 2002இல் வந்த ஓர் ஆய்வு அளந்தே சொல்லியிருக்கிறது. ராவிய பல் எந்த வயதிலும் திரும்ப வளரப்போவதில்லை. அதனால் யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பி இங்கே வந்தோம்.

இங்கே டாக்டர் முதலில் கேட்டது உடைந்த துண்டு கிடைத்ததா என்றுதான். கிடைத்திருந்தால் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து அதையே ஒட்டப் பார்க்கலாமாம். கிடைக்கவில்லை என்றதும் உதட்டைத் தடவிப் பார்த்து அதற்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்தார், துண்டு சில நேரம் உதட்டுச் சதைக்குள்ளேயே புதைந்துவிடுமாம். பல்லுக்கு வேறு வேறு கோணத்தில் எக்ஸ்ரே, வேரில் விரிசல் இருந்தால் ஒரு கோணத்தில் தெரியாமல் போகலாம் என்பதால். அப்புறம் தட்டிப் பார்த்து, ஆடுகிறதா என்று பார்த்து, குளிர் ஸ்பிரே அடித்த பஞ்சை ஒவ்வொரு பல்லாக வைத்துக் கூசுகிறதா என்று கேட்டார். உடைந்த பல்லில் கூச்சமே இல்லை. பல் செத்துவிட்டது என்று எனக்கு நெஞ்சு பதறியது.

“அம்மா, அடிபட்ட பல்லு மூணு மாசம் வரைக்கும்கூட இப்படி மரத்துக் கிடக்கலாம், இதை மட்டும் வச்சு ரூட் கேனால் பண்ண மாட்டோம்” என்றார். சீழ், வீக்கம், நிறம் கறுப்பது, எக்ஸ்ரேயில் வேர் நுனியில் மாற்றம் என்று இன்னொரு அறிகுறியாவது கூடச் சேர வேண்டுமாம். வெளியே தெரிந்த டென்டினை (எனாமலுக்கு உள்ளே இருக்கும் அடுக்கு) மட்டும் மூடிவிட்டு, ஆறு முதல் எட்டு வாரத்தில் வரச் சொன்னார். அப்போது அதே குளிர்ப் பஞ்சை வைத்ததும் அவள் ‘ஆ’ என்று தலையை இழுத்துக்கொண்டாள். பல் உயிரோடு இருந்தது. முதல் இடத்தில் சரி என்று சொல்லியிருந்தால் அந்த நரம்பை அன்றைக்கே எடுத்துப் போட்டிருப்பார்கள், அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

அதற்கப்புறம்தான் திட்டம். சிரிக்கும்போது, உதட்டைச் சும்மா வைத்திருக்கும்போது, பக்கவாட்டில் என்று போட்டோ எடுத்தார்கள். அச்செடுத்து அதன் மேல் மெழுகில் புதுப் பல்லைச் செதுக்கி, அதே வடிவத்தைத் தற்காலிகப் பொருளில் வாயிலேயே வைத்துக் காட்டினார்கள், ராவாமல். வண்டி, வாழைப்பழம், வெள்ளிக்கிழமை என்று சொல்லச் சொன்னார் டாக்டர். ‘வ’ வரும்போது மேல்பல் நுனி கீழுதட்டை லேசாகத் தொட வேண்டும், அழுத்தினால் நீளம் அதிகம் என்று அர்த்தம். நீளத்தைக் கொஞ்சம் குறைத்தார். மூலை இன்னும் உருண்டையாக வேண்டும் என்று என் மகள் கேட்டதையும் அங்கேயே மாற்றிக் காட்டினார். கலர் பேப்பரைக் கடிக்க வைத்துப் பார்த்ததில் கோரைப்பல் நுனி தேய்ந்திருப்பது தெரிந்தது, இரவில் பல்லை நறநறவென்று கடிக்கிறாள் போலிருக்கிறது. அதனால் இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டும் திட்டத்தில் சேர்ந்தது. எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் அந்தக் கடியில் விளிம்பு பெயர்ந்து வந்துவிடும் என்றார்.

பல்லை வெள்ளையாக்கவும் அவளுக்கு ஆசை. பல்லைக் கட்டப்போகும் காம்போசிட் (பல் நிறத்தில் இருக்கும் ஒரு பிசின்) ப்ளீச்சில் வெளுக்காது, ஆகவே ஆசை இருந்தால் முதலில் ப்ளீச், முடிந்து குறைந்தது 2 வாரம் விட்டுத்தான் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிடிப்பு சரியாக இருக்காது என்று விளக்கினார். கேட்டுவிட்டு அவளே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். நிறம் பார்த்தது வேலையின் ஆரம்பத்திலேயே, ஜன்னல் வெளிச்சத்தில், பல் ஈரமாக இருக்கும்போது. வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுப்பாகத் தெரியும், அந்த நிறத்தில் கட்டினால் அப்புறம் பொருந்தாது. பல் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வீட்டா ஷேட் கைடில் இருக்கும் 16 நிறங்களில் ஒன்றை எடுத்து நிறுத்திக்கொள்ளவில்லை. ஈறு பக்கம் ஏ3, நடுவில் ஏ2, நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு பொருள் என்று பிரித்து, ஒரு துளி காம்போசிட்டைப் பல்லில் ஒட்டாமல் வைத்து, விளக்கு காட்டி இறுக வைத்துப் பார்த்தார். இறுகுவதற்கு முன்னும் பின்னும் நிறம் கொஞ்சம் மாறுமாம். கட்டி முடித்த பல்லில் எந்த இடத்தில் இணைப்பு இருக்கிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டு பல்லுக்கும் சேர்த்து 7,000 ரூபாய், நைட் கார்டு தனி. காம்போசிட் நிரந்தரம் இல்லை, டீ காபி கறை படியும், அவ்வப்போது பாலிஷ் போட வேண்டும், சில வருடத்தில் சரிசெய்ய வேண்டியும் வரலாம் என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். பின்னால் வெனீரோ (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு) கேப்போ தேவைப்பட்டால் அதற்கு உடையாத பகுதி ராவாமல் அப்படியே மிச்சம் இருக்கிறது.

குறை என்றால், அப்பாயின்ட்மென்ட் நேரத்துக்கு ஒருநாளும் உள்ளே கூப்பிடவில்லை, சாயங்காலம் போனால் கூட்டம் தாங்காது. மெழுகு மாதிரிக்குத் தனிக் கட்டணம் என்பதை போனில் சொல்லவில்லை, பில்லில்தான் பார்த்தேன். போகிறவர்கள் அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், காலை நேரமாகப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். விழுந்த இடத்தில் பல் துண்டு கிடந்தால் பால் அல்லது தண்ணீரில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.