வேளச்சேரில வீடு பாக்குறவங்களுக்கு: எங்க நகரும் எங்க சங்கமும்

உங்க ஏரியா எப்படி, வீடு பாக்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, அதான் மொத்தமா எழுதிடறேன். 2018லருந்து இங்க வாடகைக்கு இருக்கோம். மொத்தமே ஆறு தெரு, ஒரு புள்ளையார் கோயில், ஒரு சின்ன பார்க். பறக்கும் ரயில் ஸ்டேஷன் பக்கம், மளிகை காய்கறி எல்லாம் நடந்தே வாங்கிக்கலாம். காலைல பேட்டரி வண்டி வந்து குப்பைய எடுத்துடும், மக்கும் குப்பைய தனியா பிரிச்சுத் தரணும்.

பிரச்சனைன்னா தண்ணிதான். வேளச்சேரியே தாழ்வான இடம், இங்க பெய்யுற மழை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்ல சேந்து, அப்புறம்தான் கடலுக்குப் போகணும், நடுவுல எங்க அடைச்சாலும் தண்ணி நம்ம வாசல்லதான் நிக்கும். முதல் தெரு காம்பவுண்ட் சுவத்துல 2015 டிசம்பர் வெள்ளம் நின்ன அளவ பெயிண்ட்ல கோடு போட்டு வச்சிருக்காங்க, என் நெஞ்சு வரைக்கும் இருக்கு.

அதனாலதான் எங்க குடியிருப்போர் நலச் சங்கத்த நான் பெருசா நினைக்கிறேன். வருஷ சந்தா வீட்டுக்கு 1,200 ரூபா. செப்டம்பர் வந்தா போதும், செக்ரட்டரி சார் நாலு பேரோட கடப்பாரைய எடுத்துக்கிட்டு தெருத் தெருவா மழைநீர் வடிகால் மூடிய நெம்பித் தூக்கிப் பாப்பாரு. ஒரு வாட்டி நானும் கூட நின்னேன், உள்ள தேங்கா மட்டை, கவர், சேத்துல ஊறிப்போன ஒரு முழுத் தலகாணி! உடனே போட்டோ எடுத்து கார்ப்பரேஷன் 1913க்கு போன் போட்டு, கம்ப்ளெயின்ட் நம்பர நோட்டுல எழுதிக்குவாரு, தூர் வார்ற வண்டி வர்ற வரைக்கும் விடமாட்டாரு.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அன்னிக்கு இடுப்பளவு தண்ணி, மூணு நாள் கரண்ட் இல்ல. முந்தின நாளே சங்கத்து ஆளுங்க வீடு வீடா வந்து கார மேம்பாலத்துல கொண்டு போய் விடச் சொல்லிட்டாங்க. கிரவுண்ட் ஃப்ளோர்ல தனியா இருந்த பாட்டிய பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு ரெண்டு பசங்க மாடிக்கு தூக்கிட்டுப் போனாங்க. எங்கயும் பால் கிடைக்காத அன்னிக்கு, ஒருத்தர் தெர்மாகோல் பெட்டில பாக்கெட்ட அடுக்கி தண்ணில தள்ளிக்கிட்டே வந்து, கைக்குழந்தை இருக்குற வீட்டுக்கு முதல்ல குடுத்தாரு. எங்க பாப்பாவுக்கு அப்ப எட்டு மாசம், அத நான் மறக்கவே மாட்டேன்.

ஆனா ஒரு விஷயம் ரொம்ப வருத்தம். வாடகைக்கு இருக்குறவங்களும் சந்தா கட்றோம், ஆனா பொதுக்குழுல ஓட்டு கிடையாது. எங்க வீட்டு முன்னாடி வடிகால் மூடி உடைஞ்சத சொல்லப் போனா, "உங்க ஹவுஸ் ஓனர பேசச் சொல்லுங்கம்மா"ன்னுட்டாங்க. அவர் பெங்களூர்ல இருக்காரு, இந்தத் தெருல தண்ணி நின்னு அவர் பாத்ததே இல்ல. தண்ணிக்குள்ள நிக்குறது நாங்க, எங்க பேச்சையும் கேக்கணும் இல்லையா. சங்கத்துக்கு 5க்கு 4 மார்க் குடுக்குறேன், அந்த ஒண்ணு இதுக்காகத்தான் குறைச்சேன்.

வீடு பாக்க வர்றவங்க நல்ல மழை பெஞ்ச மறுநாள் வாங்க. கிரவுண்ட் ஃப்ளோர்னா சுவிட்ச் போர்டும் சம்ப் மூடியும் தரையிலருந்து எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பாத்துட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.