காலி வீட்டுக்கு 150 ரூபாய் அலாரம்

மடிப்பாக்கத்தில் எங்கள் மாடி போர்ஷன் வாடகைக்கு ஆள் வராமல் காலியாகக் கிடக்கிறது. காலி வீட்டுக்கு வருகிறவன் நகை தேடி வருவதில்லை; பித்தளைக் குழாயையும் காப்பர் ஒயரையும் கழற்றத்தான் வருகிறான். அதற்குப் போய் கேமரா, இன்டர்நெட் என்று மாதாமாதம் அழ மனசில்லை. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கதவு அலாரம் வாங்கிவந்தேன். ஒன்று 150 ரூபாய்.

இரண்டே துண்டு. ஒன்றில் காந்தம், மற்றதில் காந்தம் விலகினால் உணரும் ரீட் சுவிட்சும் குட்டி சைரனும். கதவு லேசாக விலகினாலே அலறுகிறது. மாட்டிப் பார்த்தபோது கீழ்வீட்டு அக்கா சோப்புக் கையோடு மாடிக்கு ஓடிவந்துவிட்டார். அந்தச் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம்.

குறை இல்லாமலா? கூட வரும் டபுள் டேப் மேற்கு வெயிலில் இளகிவிடுகிறது, ஸ்க்ரூதான் சரி. இரும்பு கேட்டில் ஒட்டினால் காந்தத்தின் இழுப்பை இரும்பே வாங்கிக்கொள்ளும். மரக்கதவு, மர ஜன்னலுக்குத்தான் லாயக்கு. போனுக்குத் தகவல் எதுவும் வராது, காது கேட்கும் தூரத்தில் ஆள் இருக்கவேண்டும். அலாரத்தின் பட்டன் பேட்டரியையும் அவ்வப்போது பார்க்கவேண்டும்.

இன்னொன்று, கடைக்காரர் சொல்லாதது: ஆன் செய்யும் சுவிட்ச் அலாரத்திலேயே இருக்கிறது. உள்ளே ஆன் செய்துவிட்டு அதே கதவு வழியாக வெளியே வரமுடியாது. அதனால் பின்கதவுக்கும் பால்கனி கதவுக்கும் இது போதும். வாசல் கதவுக்கு ரிமோட் உள்ள மாடல் கேளுங்கள். விலை கூடத்தான், பேரம் பேசினால் குறைப்பார்கள்.